விடியுமட்டும் வெள்ளி

டேனிஷ் நகரமான ஹோர்சன்சுக்கு வெளியே நான் உறுப்பினனாக இருக்கும் சிறிய வரலாற்றுச் சங்கம், ஓர் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு போரை நடித்துக் காட்டியது. பதினேழாம் நூற்றாண்டில் சுவீடன் படை இப்பக்கம் கூடாரமடித்திருந்தபோது, ஊர் விவசாயிகள் இரவு மூன்று மணிக்குப் புகுந்து அடித்ததாக ஒரு பழங்கதை உண்டு. இந்த நடிப்பைப் பற்றிச் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதும் பொறுப்பை நான் கேட்டிருந்தேன். முன்பு எழுதியவர் ஒரு தேதியைப் பிழையாகப் போட்டதால்தான் அந்த இடம் காலியானது. நிகழ்ச்சியின் நேரப்பட்டியலைப் பிழையில்லாமல் எழுதித் தந்தால் பொறுப்பைத் தருவதாகத் தலைவி சொன்னார். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை.

வெள்ளி மாலை முகாம் அமைத்தல், சனி பகல் பயிற்சி, சனி 03.00 மணிக்குத் தாக்குதல் என்று எழுதினேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

சுவீடன்காரராக நடிக்க உள்ளூரில் எவரும் முன்வரவில்லை. ஆகவே எதிரி முகாமில் நானும், சில்க்போர்க்கிலிருந்து வந்த என் மனைவியின் தம்பியும் மட்டும். வெள்ளி இரவு மரக்கறிச் சோறு சாப்பிட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய சாரத்தோடு படுத்தோம். காவல் போடவில்லை. சண்டைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

மூன்று மணிக்குக் கூடாரம் எங்கள்மேல் விழுந்தது. தவழ்ந்து வெளியே வந்தால், பதினான்கு டேனிஷ்காரர் வைக்கோல் வாரும் கவைக்கோல்களோடு நின்றார்கள். தலைவி படம் எடுத்தார்.

"அத்தான், நாளைக்கெல்லோ சண்டை?" என்றான் மைத்துனன், சாரத்தை இறுக்கிக்கொண்டு.

"ஓம். இவையள் ஒரு நாள் முந்தி வந்திட்டினம்."

அதையே தலைவியிடம் டேனிஷில் சொன்னேன். அவர் என் பட்டியலைக் காட்டினார். சனி, மூன்று மணி. பிறகு கைக்கடிகாரத்தைக் காட்டினார். சனி, மூன்று மணி ஏழு நிமிடம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வென்றவர்கள் நெருப்பு மூட்டி எல்லோருக்கும் இறைச்சிச் சொசேஜ் சுட்டார்கள். மைத்துனன் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தான் மச்சம் தின்பதில்லை என்றான். இன்று சனி என்றார் தலைவி. அவன் என் பக்கம் திரும்பினான்.

"இன்னும் விடியேல்லை. விடியுமட்டும் வெள்ளிதான். அவவுக்கு விளங்கப்படுத்துங்கோ, அத்தான்."

விளங்கப்படுத்தும்போதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டில் நாள் சூரியனோடு தொடங்குகிறது. என் மகள் சாமம் கடந்து பிறந்தவள். அவளுடைய சாதகத்தில் முந்தின கிழமைதான் இருக்கிறது. நான் நினைத்த சனி இரவு மூன்று மணி, டேனிஷ்காரருக்கு ஞாயிறு; நான் எழுதிய சனி மூன்று மணி, எனக்கு வெள்ளி இரவு. இங்கே நள்ளிரவில் நாள் மாறுவது எனக்குத் தெரியாததல்ல; முப்பது ஆண்டுகள் இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவன் நான்.

தலைவி முழுவதையும் கேட்டார். பழங்கதையிலும் காவலர் இல்லை, எதிரிகள் காற்சட்டையும் அணிந்திருக்கவில்லை, இதுவரை ஒருவரும் அதைச் சரியாக நடித்ததில்லை என்றார். பொறுப்பு எனக்குத்தான். ஆனால் என் பிழையையும் நானே எழுத வேண்டும், படத்தையும் போட வேண்டும், தேதிகளை இனி அவர்தான் பார்ப்பார்.

ஐந்து ஐம்பதுக்குச் சூரியன் வந்தது. மைத்துனன் இரண்டு சொசேஜ் சாப்பிட்டான்.

அன்றிரவு, பட்டியலில் உள்ளபடி, நாங்கள் இருவரும் காற்சட்டை அணிந்து மூன்று மணிவரை காவலிருந்தோம். ஒருவரும் வரவில்லை. அதையும் எழுதினேன்.