நான்காவது அழைப்பு

நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் கலாதேவிக்கு இது நடந்தது. மலேசியாவில், கோலா கங்சார் போகும் சாலையில், ஆட்கள் காலிசெய்துபோன ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில். அதுவும் பட்டப்பகலில். மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீட்டில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தாள். ஆபீஸ் கொடுத்த மடிக்கணினியில் வாடிக்கையாளர்களுக்கு எழுதிப் பதில் சொல்லும் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்னொரு முறை இணைப்பு அறுந்தால் வேலை போய்விடும் என்று காலையில்தான் எச்சரித்திருந்தார்கள்.

மத்தியானம் மறுபடி அறுந்தது.

நகரத்துப் பக்கம் புந்தோங்கில் கணினிக் கடை வைத்திருக்கும் பெரியம்மா மகன் தீபனைக் கைப்பேசியில் பிடித்தாள்.

"அண்ணே, வைஃபை கோடு ஃபுல்லா காட்டுது. ஆனா ஒண்ணும் போவ மாட்டேங்குது லா."

"வைஃபை கார்டோட டிரைவர் சாஃப்ட்வேர் சரியில்ல. கார்டு ஒரு தகவல அனுப்புனா, ரவுட்டர் 'கிடைச்சிருச்சு'ன்னு பதில் சொல்லணும். வரலன்னா திரும்ப அனுப்பும். உன்னோடது மூணு தடவ பாத்துட்டு விட்டுருது. பதில் வர்ற வரைக்கும் விடாம அனுப்புற மாதிரி மாத்து."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரப்பர் மரங்களுக்குள் ஆளைத் தேடினால் மூன்று முறைதான் குரல் கொடுப்பார்கள். பதில் இல்லையென்றால் நடந்து போய்ப் பார்ப்பார்கள். நான்காவது முறை கூப்பிடவே மாட்டார்கள்; அதற்குப் பதில் சொல்வது ஆளாக இருக்காது என்பார்கள். கலாதேவியும் கூப்பிட்டதில்லை. ஆனால் அது மனிதர் வாய்க்குத்தானே... மெஷினுக்கு என்ன?

மாற்றினாள்.

திரையில் வரிகள் ஓடின. அனுப்பியது, பதில் இல்லை. அனுப்பியது, பதில் இல்லை. அனுப்பியது, பதில் இல்லை. அனுப்பியது...

பதில் வந்தது.

அதன் பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை.

"அண்ணே, நீ கெட்டிக்காரன்தான்!"

"இப்பவாச்சும் தெரிஞ்சுதே. ரவுட்டர்ல பச்சை லைட்டு எரியுதா, பாத்து சொல்லு."

முன்னறைக்குப் போனாள். லைட்டு இல்லை. மேலே காற்றாடி நின்றிருந்தது. எப்போது நின்றது?

"அண்ணே... கரண்டே இல்ல. ரவுட்டர் செத்துக் கெடக்கு."

"அப்ப பக்கத்து வீட்டு வைஃபையா இருக்கும்."

"பக்கத்துல ஏதுண்ணே வீடு? எல்லாம் இடிஞ்சு கெடக்கு."



"இப்ப எத்தன கோடு?"

"ஒண்ணு... இரு, ரெண்டாச்சு."

"மடிக்கணினிய நகத்துனியா?"

"தொடவே இல்லண்ணே."

"அப்படின்னா..." அவன் குரல் இறங்கியது. "அந்தப் பக்கம் இருக்கறதுதான் நகருது."

மூன்று கோடு.

பின்பக்கம் ஈரச் சருகுகள் நசுங்கின.

சரக்...

சரக்...

நான்கு.

சத்தம் நின்றது. கதவுக்கு வெளியே.

"கலா, மூடிட்டு கெளம்பு!"

மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக ஓடினாள். மோட்டார் சைக்கிளில், கொட்டும் மழையில், புந்தோங் வரை திரும்பிப் பார்க்கவில்லை. நாலு மணிக்கெல்லாம் தீபன் மடிக்கணினியைக் கழற்றி, கட்டைவிரல் அகல வைஃபை கார்டைப் பிடுங்கி மேசைமேல் போட்டுவிட்டான்.

மறுநாள் ஆபீஸிலிருந்து மேற்பார்வையாளர் பிரமிளா அழைத்தாள். வேலை போயிற்று என்றே கலாதேவி நினைத்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா, நேத்து பாதியில..."

"எதுக்கு மன்னிப்பு? மத்தியானத்துக்கு அப்புறம் உன் லைன் அறுந்தே போகல. ஆறு மணி வரைக்கும் அத்தன பேருக்கும் பதில் சொல்லியிருக்க. வேலை நிரந்தரம் ஆயிருச்சு."

நாலு மணிக்கே பிடுங்கிய கார்டு மேசைமேல் கிடப்பதைக் கலாதேவி பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான். கஸ்டமர் எல்லார்கிட்டயும், 'உங்க வீட்டுக்கு எப்படி வரணும்'னு ஏன் லா கேட்ட? பாதிப் பேரு வழி சொல்லியிருக்காங்க."