நான் கை குலுக்கிய நாள்

பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தேன். எல்லையில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் வலது கை போனது. முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடைதான் மிச்சம். பணியிலிருந்து விடுவித்து அனுப்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீட்டோடு கிடந்தேன். என் மனைவி தினமும் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி, பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். நாள் முழுக்க நின்றபடி துணியை மடித்துக் கட்டுகிற வேலை.

அப்போதுதான் அவன் என்னைத் தேடி வந்தான். நான் படித்த பள்ளியில் எனக்கு ஐந்து வகுப்பு இளையவன். வெளியூரில் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தான். உடம்புக்குள் சென்சார் வைத்து, மனதில் நினைத்தால் அசைகிற கையைச் செய்வதாகச் சொன்னான்.

"நாளைக்கு இதையே வச்சு நல்லா இருக்க சிப்பாய்க்கும் கூடுதல் பலம் குடுக்கலாம்ணே. ராணுவத்துல காட்டணும். மொத ஆளு நீங்களா இருங்க."

நம்ம ஊர்க்காரன், நம் வீட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்ற நம்பிக்கையில், ஆங்கிலத்தில் இருந்த தாள்களில் இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.

மிச்சமிருந்த கைத்தசைக்குள் எட்டு சென்சார்களையும், அவற்றை இணைக்கிற மெல்லிய கம்பிகளையும் ஆபரேஷன் செய்து வைத்தார்கள். மேலே செயற்கைக் கையை மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லாத விரலை மடக்குவதாக நினைத்து நினைத்து மூன்று மாதம் பழகினேன். முதலில் சட்டைப் பொத்தானைப் போட்டேன். அந்த வருட ஆடித் தேரோட்டத்தில் இரண்டு கைகளாலும் வடம் பிடித்தேன். அவன் அதை வீடியோ எடுத்து ராணுவ அதிகாரிகளுக்குக் காட்டினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சோற்றுப் பானையை இரண்டு கைகளாலும் தூக்கிக் கஞ்சி வடிக்கப் போனேன். மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். ஐந்து விரல்களும் தாமாக விரிந்தன. நான் நினைக்கவே இல்லை. கொதிக்கிற கஞ்சியும் சோறும் அவளுடைய இரண்டு பாதங்களிலும் கொட்டின. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள்.

பதினோரு நாள் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பாதத்துத் தோல் புதிதாக வந்தாலும் பழைய மாதிரி வரவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் அவளால் நிற்க முடியாது. கம்பெனி வேலை போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து தினமும் அவனுக்குப் போன் செய்தேன். ஆறாவது நாள்தான் எடுத்தான்.

"அண்ணே, அது பழைய மாடல். ராணுவத்துல புதுசு கேக்காங்க, அதனால பழைய கைய நெட் வழியா இயக்குற சர்வரை நிறுத்திட்டோம். தொடர்பு இல்லாமப் போச்சுன்னா கை தானா திறந்துக்கிடும். பாதுகாப்புக்குத்தான் அப்படி வச்சிருக்கு. மெயில் போட்டோமே, பாக்கலையா?"

"எனக்கு ஏதுப்பா மெயிலு? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"வேலை அம்புட்டு இருந்துச்சுண்ணே."

"உள்ள இருக்க கம்பியெல்லாம் குத்துது. அதையாவது எடுத்துவிடு."

"அது ஒப்பந்தத்துல இல்லையேண்ணே."

கஞ்சி கொட்டியதைப் பேச்சின் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். மதினிக்குக் கால் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவே இல்லை. போனை வைத்த பிறகு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில்தான் இவனைச் சும்மா விடக் கூடாது என்று முடிவு செய்தேன். அவசரப்படவில்லை. ராணுவத்தில் நான் உருப்படியாகக் கற்றது காத்திருப்பதைத்தான்.

ஏழு மாதம் கழித்து அவனே கூப்பிட்டான். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் புது மாடலை அறிமுகப்படுத்துகிற விழா. ராணுவ அதிகாரி ஒருவர் வருகிறார், மில் முதலாளிகளும் வருகிறார்கள். புதுக் கையைப் பழைய சென்சாரிலேயே மாட்டலாமாம். "நீங்க மேடையேறி அதிகாரிக்குக் கை குடுத்தா போதும்ணே."

"வாரேன் தம்பி" என்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே அவன் கம்பெனியிலிருந்து கையைக் கொண்டுவந்து மாட்டிவிட்ட பெண், "இது சிப்பாய்க்குன்னு செஞ்சது சார், பிடி ரொம்ப ஜாஸ்தி, பாத்து" என்றாள். நல்ல பெண். அவள் போனதும் கொய்யாக்காயைப் பிடித்துப் பழகினேன். பிறகு தேங்காய்ச் சிரட்டை. நான்காம் நாள் சிரட்டை உடைந்தது.

மேடையில் அதிகாரிக்குப் பதமாகக் கை கொடுத்தேன். கூட்டம் கைதட்டியது. பிறகு அவன் இடது கையில் மைக்கைப் பிடித்தபடி, போட்டோவுக்காக வலது கையை நீட்டினான். பற்றிக்கொண்டேன்.

"அண்ணே, லேசா" என்றான், சிரித்த முகத்தோடு.

"மதினிக்குக் கால் எப்படி இருக்குன்னு கேளு."

"பொறவு பேசுவோம்ணே."

"இப்ப கேளு. மைக்குல கேளு."

அவன் கேமராவைப் பார்த்தான். நான் விரல்களை மடக்க நினைத்தேன். அந்தக் கைக்குத் தொடு உணர்ச்சி கிடையாது. என்ன உடைகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவன் மண்டியிட்டான். மைக்கில் அவன் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மதினிக்கு... கால் எப்படிண்ணே இருக்கு?"

"வெந்து போச்சு. நீ செஞ்ச கை ஏன் திறந்துச்சுன்னு எல்லாருக்கும் சொல்லு."

சொன்னான். சர்வரை நிறுத்தியது, எனக்குச் சொல்லாதது, கம்பிகள் இன்னும் என் உடம்புக்குள் இருப்பது, எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் விட்டேன். இரண்டு விரல்கள் முறிந்திருந்தன.

போலீஸ் வரும் என்று அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வந்தார்கள். ஆனால் அவன் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் என் கதையும் ஸ்டேஷனில் ஏறிவிடும். அந்த அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். ராணுவம் அவன் செய்த கையை வாங்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஒரு மாதத்துக்குள் அவன் கம்பெனியே ஏற்பாடு செய்து என் கையிலிருந்த கம்பிகளை எடுத்துவிட்டது.

விழா நடந்த அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அழுதானா?"

"அழுதான்."

"என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல" என்றாள். அந்தக் குறை மட்டும் எனக்கு இருக்கிறது. அவளை முன் வரிசையில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் அவனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பக்கத்துச் சந்துக்குள் திரும்பினான். அவன் போகிறவரைக்கும் நின்று பார்த்தேன். பசி அடங்கின மாதிரி இருந்தது. பிறகு, மனைவி கேட்ட காய்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.