வங்கி போட்ட மருத்துவ முகாம்

“...அதான்க்கா முகாம் சீட்டுல பேர் எழுத வேணாங்கிறேன். என் சம்பளம் இதே பேங்க்லதான் விழுது. சீட்டு அவங்ககிட்ட போனா கம்பெனிக்குப் போகாம இருக்குமா?”

சிங்கப்பூரில், லிட்டில் இந்தியா திடலில் ஒரு வங்கி நன்கொடை கொடுத்து நடத்திய இலவச மருத்துவ முகாம் அது. நான் மொழிபெயர்க்கப் போன தொண்டூழியர். எதிரே இருந்தவர் கப்பல் பட்டறைத் தொழிலாளி. ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டியிருந்தது. உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லி டாக்டர் கடிதம் எழுதிவிட்டார்.

“பேங்க் செலவுக்குக் குடுத்ததோட சரி தம்பி. சீட்டை அவங்க பாக்கவே மாட்டாங்க. தலை வெடிக்குதுன்னியே, வா, டாக்சியில நானும் வர்றேன்” என்று கெஞ்சினேன்.

“ஆஸ்பத்திரியில எம்சின்னு மெடிக்கல் சர்டிபிகேட் குடுப்பாங்க. லீவுக்கு அதைக் கம்பெனியில காட்டணும். சீக்காளின்னு தெரிஞ்சா டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிடுவாங்கக்கா. என் ரூம்ல ஒருத்தர் அப்படித்தான் போனாரு. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, டாக்டரின் கடிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, தொழிலாளர் விடுதிக்குப் போகும் பேருந்து வரிசையில் போய் நின்றார்.