வெர்னா மூடிவைத்த ஐம்பது குப்பிகள்

கடலோர ஊரான டோவரில் பேக்கரியில் ரொட்டி வாங்க நின்றால் போதும், வெர்னா ஸ்கின்னர் கதை காதில் விழும். ஆராய்ச்சிக்கூடத்து மீன் கிருமியை விரிகுடாவில் தப்பவிட்டுவிட்டாளாம். சொந்த அண்ணன் கெல்வின் கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளில் சால்மன் மீன்கள் செத்து மிதந்தது அதனால்தானாம். சொன்னவர்களில் ஒருவரும் பார்த்தவரில்லை. நடந்தது இதுதான்.

முப்பது வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தில் வெர்னாவுக்கு ஒரே வேலை, தடுப்பூசி செய்யத் தேவையான மீன் கிருமியைக் காப்பாற்றி வைப்பது. கிருமியைக் கொழுப்பெடுத்த பாலில் கலக்கி, கண்ணாடிக் குப்பியில் விட்டு, உறையவைத்து, பம்பால் காற்றை உறிஞ்சி உலர்த்தி, தீயில் வாயை உருக்கி மூடுவாள். பொடியான கிருமி செத்ததுபோலக் கிடக்கும். பல வருஷம் கழித்து நீர் விட்டாலும் விழித்துக்கொள்ளும். விழிக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் ஒரு குப்பியை உடைத்து, வளர்த்துப் பார்க்கவேண்டும். இரண்டு நாள் பிடிக்கும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன், ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை பம்பு பாதியில் நின்றது. உறைந்ததெல்லாம் இளகிப்போனது; இளகினால் கிருமி செத்துப்போகலாம். ரிப்பேர் செய்து மறுபடி உலர்த்தி ஐம்பது குப்பிகளையும் மூடினாள். வெளியே கெல்வின் ஹாரனை விடாமல் அழுத்தினான். மட்டன்பேர்ட் என்ற கடற்பறவையின் குஞ்சு பிடிக்கத் தீவுக்குப் போகும் படகு காத்திருந்தது.

"பூச்சிங்களுக்குத் தாலாட்டு பாடினது போதும், வா! நீ வர்றதுக்குள்ள குஞ்செல்லாம் பேரன் பேத்தி எடுத்துடும்!"

"வந்து தொலையறேன், கத்தாதே!"

சோதித்துப் பார்க்கக் குப்பி ஒன்றையும் உடைக்கவில்லை. பதிவேட்டில் 'உயிரோடு இருக்கிறது' என்று எழுதிவிட்டு ஓடினாள். திரும்பி வந்தும் உடைக்கவில்லை.

போன வருஷம் பக்கத்து விரிகுடாவில் அந்தக் கிருமியால் வரும் மீன் நோய் வந்தது. கெல்வின் இளமீன்களைக் கடலில் விட இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் தடுப்பூசி போட்டால் தப்பிக்கும். ஊசி செய்ய அனுமதி பெற்ற கிருமியோ அன்று மூடிய அந்தக் குப்பிகளில் இருந்தது மட்டும்தான். புதிதாக ஒன்றுக்கு அனுமதி வாங்க ஒரு வருஷம் ஆகும்.

வெர்னா ஒன்றை உடைத்தாள். கிருமி வளரவில்லை. ஐம்பதையும் உடைத்தாள்; ஒன்றிலும் உயிர் இல்லை.

"ஊசி என்னாச்சு?" என்று கெல்வின் கேட்டபோது, "லேட்டாகும்" என்று மட்டும் சொன்னாள். மீன்கள் ஊசியில்லாமலே கடலுக்குப் போயின. ஆறே வாரத்தில் லாரி லாரியாகப் பிணமாக ஏறின. கெல்வின் கூண்டுகளை விற்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணனும் தங்கையும் பப்பில் உட்கார்ந்திருந்தபோது, நண்டு பிடிக்கிற ராஸ் கெல்வினிடம் வாயைத் திறந்தான். "உன் தங்கச்சி பூச்சியை நல்லாத்தான் அவுத்து விட்டிருக்கா."

கெல்வின் எழுந்தான். "இன்னொரு வார்த்தை பேசினே, பல்லைப் பொறுக்கிக்கிட்டுப் போவே. அவ கைய விட்டு ஒரு பூச்சி தப்பாதுடா!"

வெர்னா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"உட்காரு, கெல். நான் எதையும் வெளியே விடல. உள்ளேயே சாகடிச்சிட்டேன். பார்க்காமலே உயிரோட இருக்குன்னு எழுதினேன். அதான் உன் மீனுக்கு ஊசி வரல."