படுத்துக்கிடந்த இஞ்சின்

என் சித்தப்பாவின் கார் ஓடாமல் நின்றதற்குக் காரணம், அதன் சிலிண்டர்கள் படுத்துக்கிடந்ததுதான். வட்டக்கச்சியில் மற்றவர்களுடைய கார்களில் நான்கு சிலிண்டர்களும் சங்கக்கடை வரிசையில் நிற்கும் ஆட்களைப்போல ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து நின்றன. சித்தப்பாவின் முதுகு வளைந்த ஆமைக் காரில் மட்டும் இஞ்சின் பின்பக்கத்தில் இருந்தது. அதற்குள் இரண்டு சிலிண்டர்கள் இந்தப் பக்கமும் இரண்டு அந்தப் பக்கமுமாகக் காலோடு கால் முட்ட, தலைகளை வெளியே நீட்டிப் படுத்திருந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. போர்க்காலத் தடையால் வன்னிக்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிருந்தது. ஆனாலும் கார்கள் ஓடின. எரிபொருளும் காற்றும் கலக்கிற காபரேற்றரின் வாய்க்குள் ஒரு மிடறு பெற்றோலைப் பீச்சி இஞ்சினை எழுப்புவார்கள். எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். ஊர் முழுக்க அந்தப் புகைதான்.

மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு வேண்டும். மற்றவர்களுடைய கார்களின் வரிசை இஞ்சினில் எரிபொருள் போகிற குழாயும் புகை வருகிற குழாயும் ஒட்டியிருந்ததால் சூடு தானாகக் கிடைத்தது. படுத்த இஞ்சினில் காபரேற்றர் நடுவில் இருக்கும். இரண்டு பக்கமும் நீண்ட குழாய்களில் போகிற வழியிலேயே மண்ணெண்ணெய் குளிர்ந்து துளியாகிவிடும். பிற்காலத்தில் நான் இயந்திரவியல் படித்தேன், படிப்பித்தும் வருகிறேன். இந்தப் படுத்த அமைப்பு கார்களில் ஏன் அரிது என்று மாணவர்கள் கேட்டால், ஒரு தலைக்குப் பதில் இரண்டு தலை, இடமும் கூட, செலவும் கூட என்று சொல்வேன். சோதனையில் எழுதுவதற்கு அது போதும்.

சித்தப்பா பால்மாத் தகரத்தை வெட்டிக் குழாய்களுக்குச் சட்டை போட்டுப் பார்த்தார். நனைந்த கோழிபோல் இருமிவிட்டு இஞ்சின் அடங்கியது. சுற்றிநின்று சிரித்த பொடியன்களுக்கு நான்தான் தலைவன். "படுத்த இஞ்சின் எழும்பீற்றுதோ?" என்று தெருவில் வைத்துக் கேட்பேன். "இன்னும் விடியேல்லையடா அதுக்கு" என்பார்.

கடைசியில் காரைக் கொடுத்துவிட முடிவெடுத்தார். துணுக்காயில் இருந்த ஒருவர் வவுனியாவுக்குக் குடிபெயர இருந்தார். அது அரசாங்கத்தின் பக்கம், அங்கே பெற்றோல் தாராளம். இஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் காதால் கேட்டால் போதும், தன் நீர்ப்பம்பைக் கொடுத்துவிட்டுக் காரைக் கட்டி இழுத்துப்போவதாக அவர் சொல்லியிருந்தார். சித்தப்பா மிளகாய்க் கன்று நட்டிருந்தார். பம்பு வந்தால்தான் தோட்டம். அந்தச் சத்தத்துக்காகவே எங்கெங்கோ அலைந்து ஒரு போத்தல் பெற்றோல் தேடி, நெல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார்.

அந்தக் கிழமைதான் வயல் வரம்பில் என்னைப் புடையன் பாம்பு கடித்தது. பதினொரு வயது. கால் கண்முன்னே வீங்கியது. அப்பா தூரத்தில் வேலையில் இருந்தார். பக்கத்து வீட்டுக் கார் வாடகை ஓட்டத்தில் போயிருந்தது. சித்தப்பா ஓடிப்போய்ப் போத்தலை எடுத்துவந்து அப்படியே ஊற்றினார். முதல் தரத்திலேயே இஞ்சின் எழும்பியது. அம்மாவின் மடியில் நான். இருக்கைக்குப் பின்னால் அந்த இஞ்சின் உறுமுவது முதுகெலும்பில் ஏறியது.

பாதி வழியில் அம்மா கேட்டார். "இனி மண்ணெண்ணெய்க்கு மாத்தலாமே தம்பி? எல்லாத்தையும் முடிக்கிறீர்."

"மாத்தினா நிண்டிடும் அண்ணி. நீங்கள் அவனை நித்திரை கொள்ள விடாதேங்கோ."

"அந்தத் துணுக்காய் ஆளுக்குக் காட்டுறதுக்கு..."

"அண்ணி, பிள்ளையைப் பாருங்கோ."

வரிசை இஞ்சினுக்கு ஒரு மிடறில் முடிந்திருக்கும் காரியம். படுத்த இஞ்சின் முழுப் போத்தலையும் குடித்துக்கொண்டு கிளிநொச்சி ஆசுப்பத்திரி வாசலில் போய் நின்றது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கிய வசனத்தை அம்மா முடிக்கவிடவில்லை. காரை இன்னொருவரின் மாடுகள் வீட்டுக்கு இழுத்து வந்தன.

நான் கட்டுப்போட்ட காலோடு வீடு திரும்பிய மறுநாள் துணுக்காய்க்காரர் வந்தார். பின்னாலேயே மாட்டுவண்டியில் பச்சை நிறப் பம்பு. சித்தப்பா வெறும் மண்ணெண்ணெயை ஊற்றி முயன்றார். இருமல்கூட வரவில்லை.

"ஓடுற காரெண்டுதானே தம்பி சொன்னனீர்?"

"ஓடினதுதான் அண்ணை."

"எப்ப?"

"போன கிழமை."

வேலியோரம் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். கதிரையில் காலை நீட்டியிருந்த நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. அம்மா குசினி வாசலுக்கு வந்து எதையோ சொல்ல வாயெடுத்தார். சித்தப்பா என் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, வேண்டாமென்று கையைக் காட்டினார். அம்மா உள்ளே போய்விட்டார். பம்பு வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது.

அந்தப் போகம் முழுவதும் சித்தப்பா துலா மிதித்துத்தான் மிளகாய்க்குத் தண்ணீர் இறைத்தார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பம்புகள் ஓடின. எனக்கு வயலுக்குப் போகத் தடை என்பதால் பின்னேரங்களில் அவரோடு போய்க் கிணற்றுக்கட்டின் மேல் இருப்பேன். பாதிக் கன்றுகள் வாடின. மீதியைக் காப்பாற்ற, கீழே ஒருவர் பனையோலைப் பட்டையைப் பிடித்து ஊற்ற, வெயில் சாயும்வரை துலா மரத்தில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும்.

ஒருநாள் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவன்போலச் சொன்னேன்.

"உங்களுக்கும் இஞ்சினுக்கும் ராசியில்லை சித்தப்பா. மற்ற ஆக்கள் எல்லாம் பம்பு வைச்சிருக்கினம்."

அவர் துலாவின் நடுவில் நின்று மூச்சுவாங்கினார். கோபம் கொஞ்சமும் இல்லை.

"ஓமடா ராசா" என்றார். "கிணத்துக்குள்ள விழுந்திடாத. அந்தக் காலை இந்தப் பக்கம் எடு."

நான் காலை இந்தப் பக்கம் எடுத்துக்கொண்டு, அவர் இறைக்கிற ஒவ்வொரு பட்டைத் தண்ணீரும் வாய்க்காலில் ஓடுவதை வேடிக்கை பார்த்தேன்.