பெரட்டுக்கு முன்னால் ஒரு ஹாரன்

கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு வெப்சைட் செய்து பிழைக்கலாம் என்று சொன்னால் கோயமுத்தூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்துமதி பிழைத்துக்கொண்டுதான் இருந்தாள். மார்க்கெட்டுக்கு மேலே, பேக்கரி மாடியில் ஒரே அறை. அதற்குள் மூன்று நாற்காலி, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிராங்ளின். பிராங்ளின்தான் முதலாளி. சர்ச்சு, பள்ளிக்கூடம், லாட்ஜ் என்று யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லாமல் வேலையை வாங்கி வந்துவிடுவார். செய்வது இந்துமதி. கீழே பன் வேகும் வாசனை மேலே ஏறிவிட்டால் பிராங்ளினுக்கு அப்புறம் வேலை ஓடாது. அந்த நேரத்தில் அவரிடம் எதைக் கேட்டாலும் சரி என்பார்.

இந்துமதி கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். கடலைத் தாண்டி வந்தபோது எதை எதையோ விட்டுவிட்டு வந்தவர்கள், சில வார்த்தைகளை மட்டும் விடவில்லை. காலையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதை அவள் வீட்டில் இன்றைக்கும் பெரட்டு என்றுதான் சொல்வார்கள். பெரட்டில் பெயர் விழுந்தால்தான் அன்றைக்கு வேலை. இந்துமதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். டிஸ்பென்சரியில் காட்டிவிட்டு அம்மா சுகுணா அவளையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போய் நின்றபோது பெரட்டு முடிந்திருந்தது. நாளைக்கு வா என்று சொல்லிவிட்டார்கள். அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வீடு வரும்வரை அந்தப் பிடி தளரவே இல்லை.

பிறகு மகள் படித்தாள், கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தாள். வெயில் என்பது சும்மா ஒரு சாக்கு. ஊரை விட்டு இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு மலைச்சரிவில் இருந்த கீழ்க் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சரிவில் கொஞ்சம் கொஞ்சமாய்த் தேயிலை வைத்திருப்பவர்கள் பறித்த இலையைச் சாக்கில் கட்டி அங்கேதான் கொண்டுவந்து போடுவார்கள். அம்மா எடை போட்டு வாங்கி வைப்பாள். பாக்டரி லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

வந்தால்தானே! மற்றக் கொட்டகைகள் எல்லாம் பெரிய ரோட்டோரம் இருப்பவை. லாரி போகிற போக்கில் நின்று ஏற்றிக்கொள்ளும். கீழ்க் கொட்டகைக்கு என்று தனியாக வளைவுகளில் இறங்கி ஏற வேண்டும். இலை இல்லாத நாளில் லாரி இறங்கி வெறுமனே திரும்பும். இலை குவிந்து கிடக்கும் நாளில் பாக்டரிக்குப் போன் போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். சாக்கில் அடைத்த இலை சூடேறிச் சிவந்துபோனால் குப்பைக்குத்தான். லாரி வராத நாட்களில் பெண்கள் சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு பெரிய ரோடு வரை மேட்டில் ஏறினார்கள். அம்மாவும் ஏறினாள். ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல, நாளைக்கு வண்டி வந்துரும்" என்பாள்.

இதற்காகத்தான் இந்துமதி பாக்டரிக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். போனில் அதைத் திறந்தால் லாரி எப்போது எங்கே என்று தெரியும். கொட்டகைக்காரர் தன் பெயரில் உள்ளே நுழைந்து 'இலை ரெடி' என்ற பட்டனை அமுக்கினால் பாக்டரி ஆபீசில் மணியடிக்கும். லாரி கிளம்பும். பாக்டரியில் இலை வரத்தைப் பார்க்கும் லீஃப் ஆபீசர் தனசிங்குக்கு யோசனை பிடித்திருந்தது. ஆனால் அவர் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிற ஆள்.

"இந்தாம்மா, இனிமே சும்மா வண்டிய கீழ எறக்க முடியாதுங்க. சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள கீழ்க் கொட்டகையில இருந்து ஒரு தகவலாச்சும் இந்தப் பட்டன் வழியா எனக்கு வரோணும். வரலைன்னா திங்கக்கெழமைல இருந்து அந்த ரூட்ட எடுத்துருவேன். அப்புறம் என்னையச் சொல்லக்கூடாது" என்றார்.

இந்துமதி தைரியமாகத் தலையாட்டினாள். பேக்கரி மாடி ஆபீசில் எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருந்தது.

ஆபீசில் ஓடியதற்குக் காரணம் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருந்ததுதான். இன்டர்நெட்டில் வெளியே வைத்தபோது பக்கம் ஒரு முகவரிக்குப் போனது, தகவலை வாங்கி வைக்கும் சர்வர் வேறொரு முகவரிக்குப் போனது. அங்கேதான் பிரவுசர் முறைத்துக்கொண்டது. ஒரு முகவரியில் இருக்கும் பக்கம் இன்னொரு முகவரியில் இருக்கும் சர்வரிடம் பேச வேண்டுமானால், இவர் நமக்குத் தெரிந்தவர்தான், பேசட்டும் என்று அந்தச் சர்வர் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிரவுசர் நடுவில் நின்று மறித்துவிடும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு கார்ஸ் என்று பெயர். வெப்சைட் வேலை பார்க்கிறவர்களில் இந்தப் பெயரைக் கேட்டுப் பல்லைக் கடிக்காதவர் கிடையாது.

இந்துமதியும் கடித்தாள். பிறகு சர்வரில் தன் பக்கத்தின் முகவரிக்கு அனுமதி கொடுக்கும் ஒரு வரியைச் சேர்த்தாள். உடனே லாரி நேரம் தெரிந்தது. அப்பாடா என்று அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பட்டன அமுக்கும்மா."

"அமுக்கிட்டேன் புள்ள. செவப்பாத்தான் நிக்குது."

"பேரு போட்டு உள்ள போனியா?"

"போட்டேனே. சுகுணான்னு மேல எழுத்துகூட வருது. அமுக்குனா மட்டும் செவந்துக்குது."

லாரி நேரம் பார்க்கலாம், தகவல் அனுப்ப முடியாது. இதென்ன கூத்து! சர்வரிடம் ஆபீசிலிருந்து பிரவுசர் இல்லாமல் நேராகக் கேட்டுப் பார்த்தாள். பதவிசாகப் பதில் சொன்னது. பிரவுசர் வழியாகக் கேட்டால் அதே சிவப்பு, அதே கார்ஸ். வெள்ளிக்கிழமை முழுக்க அனுமதி கொடுத்த வரியையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பிராங்ளின் பன்னோடு வந்தார். "ஏன் இந்து மண்டைய ஒடச்சிக்கற? நட்சத்திரம் போட்டு உட்ரு. எந்த முகவரியில இருந்து வந்தாலும் சரின்னு ஆயிரும்."

"அது தப்புங்கண்ணா. கண்ட பக்கமும் நம்ம சர்வர்கிட்ட வந்து பேசும்."

"தப்பா சரியான்னு திங்கக்கெழம பாத்துக்கலாம்" என்று அவரே எட்டி ஒரு நட்சத்திரத்தைப் போட்டார். பட்டனை அமுக்கினார். சிவப்பு. பன்னைக் கடித்துக்கொண்டே மறுபடி அமுக்கினார். மறுபடியும் சிவப்பு. ஊரையே உள்ளே விட்டாலும் அம்மாவை மட்டும் விடமாட்டேன் என்று சர்வர் அடம்பிடித்தது.

இந்துமதி லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அம்மாவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. என்ன சொல்வது? நான் செய்தது வேலை செய்யவில்லை, திங்கட்கிழமையிலிருந்து நீ தினமும் சாக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறு என்றா?

பஸ் கிளம்பி, கீழே இறங்க ஆரம்பித்தது. மழை விட்டு மேகம் ரோட்டில் படுத்துக் கிடந்தது. குறுகலான ஒரு வளைவுக்கு முன்னால் டிரைவர் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். எல்லா டிரைவர்களும் எல்லா நாளும் செய்வதுதான். கீழேயிருந்து பதிலுக்கு ஒரு ஹாரன் கேட்டது. ஏறுகிற வண்டிக்கே முதல் வழி என்பதால் டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுத்து ஒதுங்கினார். ஒரு காய்கறி லாரி முக்கி முனகிக்கொண்டு ஏறிப் போனது. அப்புறம்தான் பஸ் வளைவில் திரும்பியது.

இந்துமதி அதைச் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஹாரன்! பிரவுசரும் அதைத்தானே செய்கிறது? லாரி நேரம் பார்க்கப் பெயர் தேவையில்லை, அது நேராகப் போய்விடும். பெயரோடு போகும் தகவலைப் பிரவுசர் அப்படி அனுப்பிவிடாது. வரலாமா என்று கேட்கும் கேள்வியை முதலில் வெறுங்கையோடு அனுப்பும். வரலாம் என்று பதில் வந்த பிறகுதான் தகவலை அனுப்பும். அந்தக் கேள்வியில் பெயர் இருக்காது, அடையாளம் இருக்காது. ஹாரன் அடிக்கிறவனிடம் யாராவது டிக்கெட் கேட்பார்களா?

அவள் கேட்டிருந்தாள். தகவல் அனுப்ப வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் வேலையாகப் பெயரைச் சரிபார்க்கும்படி சர்வரில் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பகுதிக்கு விளையாட்டாகப் பெரட்டு என்றுதான் பெயரும் வைத்திருந்தாள். எஸ்டேட்டில் பிறந்தவளுக்கு எதுவானாலும் முதலில் பெரட்டுதான், அது ரத்தத்தில் ஊறியது. வேறு யாராவது எழுதியிருந்தால் வரலாம் என்று வழி சொல்லும் அந்த அனுமதி வரியை மேலே வைத்திருப்பார்களோ என்னவோ. வரலாமா என்று கேட்க வந்த கேள்வி பெரட்டில் மாட்டிக்கொண்டது. பெயர் இல்லை, போ என்று சர்வர் திருப்பி அனுப்பியது. அனுமதி வரி கீழே சும்மா உட்கார்ந்திருந்தது. அது வரைக்கும் கேள்வி போய்ச் சேரவே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. அம்மாவைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர் இல்லை. மகள் எழுதிய பெரட்டு.

"அண்ணா, நிறுத்துங்க! நான் எறங்கோணும்!"

"இங்கயாங்க? ஸ்டாப்பே இல்லீங்களே!"

"டீக்கடை இருக்குதுங்களே, அங்க எறக்கி உட்ருங்க."

அதற்குமேல் இறங்கினால் ரோட்டில் எங்கும் சிக்னல் கிடையாது. கொட்டகைக்கு எதிர்மலை டவர் கிடைக்கும் என்றாலும் அதுவரை போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனிலிருந்து நெட்டை எடுத்து லேப்டாப்பைத் திறந்தாள். கடைக்கார அக்கா கேட்காமலே ஒரு டீயை வைத்துவிட்டு, பெட்டிக்குள் என்ன தெரிகிறது என்று எட்டிப் பார்த்தாள். இந்துமதி பெரட்டு வரியை வெட்டிக் கீழே வைத்தாள். வழி சொல்லும் வரியைத் தூக்கி அதற்கு மேலே வைத்தாள். பிராங்ளின் போட்ட நட்சத்திரத்தை அழித்துவிட்டுத் தன் பக்கத்தின் முகவரியை மட்டும் விட்டாள். இவ்வளவுதான் வேலை. இரண்டு நாள் அழுதது இந்த இரண்டு வரிக்காகத்தான். சர்வருக்கு அனுப்பினாள். சக்கரம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. இந்தச் சனியன் பிடித்த சிக்னல்! ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, இப்ப அமுக்கு."

"இரு புள்ள, கையெல்லாம் ஈரம். தொடச்சிக்கறேன்."

"சீக்கிரம்மா!"

"அமுக்கிட்டேன்... ஏ இந்து, பச்சையா என்னவோ வந்துச்சு! 'தகவல் கிடைத்தது'ன்னு போட்டிருக்கு புள்ள!"

இந்துமதி பெஞ்சிலேயே சாய்ந்துகொண்டாள். வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. நெஞ்சின் மேல் கிடந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கடைக்கார அக்கா, "கண்ணு, நல்ல சேதிங்களா?" என்றாள். "ஆமாங்கக்கா" என்றாள் இந்துமதி. ஆறிப்போன டீ அன்றைக்கு அவ்வளவு ருசியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தனசிங்கே கூப்பிட்டார். "இந்தாம்மா, கீழ்க் கொட்டகை மணி அடிச்சிருச்சுங்க. வண்டிய உட்டுட்டேன். ரூட்டு இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும்." அவர் குரலிலும் ஒரு நிம்மதி. ரூட்டை எடுப்பது அவருக்கும் மனசாகாத காரியம்தான் போலிருக்கிறது. மனுசன் அதை முன்பே வெளியில் காட்டியிருந்தால் என்ன குறைந்திருப்பார்!

லாரி மேகத்துக்குள்ளிருந்து வந்தது. டிரைவர் சுடலைமணி டீக்கடையில் இந்துமதியைப் பார்த்ததும் பிரேக் போட்டார். "சுகுணாக்கா மகதானே? இங்க என்ன பண்ணிக்கிட்டிருக்க? ஏறு, கீழதான் போறேன்."

அவள் ஏறிக்கொண்டாள். வளைவு வரும்போதெல்லாம் சுடலைமணி ஹாரன் அடித்தார். இந்துமதி அந்தச் சத்தத்தை அதற்கு முன் அப்படிக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. கடைசி வளைவில் கொட்டகையின் தகரக் கூரை தெரிந்தது. பெண்கள் சாக்குகளின் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். மேட்டில் ஏறுவதற்கு இல்லை, லாரியில் ஏற்றுவதற்கு.

இந்துமதி குதித்து இறங்கினாள். அம்மா போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். மகளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, ஒண்ணு சொல்லவா? ரெண்டு நாளா உன்னைய பெரட்டுல நிக்க வெச்சது நான்தாம்மா. கம்ப்யூட்டர் இல்ல. வழி கேக்க வந்ததுக்கே பேரு கேட்டுத் தொரத்தி உட்டிருக்கேன்."

சுகுணாவுக்குக் கம்ப்யூட்டர் விவகாரம் புரியவில்லை. பெரட்டு புரிந்தது. மகளின் கையைப் பிடித்துச் சாக்கின் ஒரு முனையில் வைத்தாள்.

"அதான் தொறந்து உட்டுட்டியே. தூக்கு, வண்டி நிக்குதில்ல."