மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போகலாமா?

மட்டக்களப்பிலிருந்து திரும்பும் பஸ் மலைநாட்டு ஹல்துமுல்லையில் தேத்தண்ணிக்கு நிற்கிறது. கடலின் அடியாழத்தில் கிடக்கும் பழைய போர்க்கப்பலை முக்குளித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். அங்கே போகலாமா என்று கேட்ட நண்பனுக்கு, "கட்டாயம் போ" என்று போனில் அனுப்புகிறேன். அந்தப் பூரிப்பில் கடைக்கார அக்காவுக்கும் அங்கே எடுத்த வீடியோவைக் காட்டுகிறேன்.

"உள்ள இருந்தவங்கள எடுத்துட்டாங்களா தம்பி?"

"இல்லக்கா. நெறையப் பேர் இன்னும் உள்ளதான்."

அக்கா எதிர்மலையைக் காட்டுகிறார். தேயிலைக்கு நடுவே மண் சரிந்த இடம் சிவப்பாகத் தெரிகிறது.

"நாங்க குடியிருந்த லயத்து வீடெல்லாம் அதுக்கு அடியில இருக்கு. அம்மாவும் தங்கச்சியும் இன்னும் உள்ளதான். ஞாயித்துக்கெழமைன்னா வேன்ல வந்து வீடியோ எடுக்கிறாங்க."

அனுப்பியதை அழிக்கப் போனைத் திறக்கிறேன். நண்பனின் பதில் வந்திருக்கிறது:

"வீடியோ நல்லா வருமா?"